சர்க்கரை அளவோடு சாப்பாட்டுத் தட்டையும் படம் எடுத்து வையுங்கள்

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் முதியவர்கள், சாப்பிட உட்காரும்போது தட்டைக் கைபேசியில் ஒரு படமும், இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதிக்கும்போது குளுக்கோமீட்டரின் திரையை மற்றொரு படமும் எடுத்து வைத்தால், நோட்டில் எழுதும் வேலையே இருக்காது.

தேதியையும் நேரத்தையும் கைபேசி தானே பதிந்துகொள்கிறது. மீட்டரிலோ பேட்டரி மாற்றியபின் கடிகாரம் தவறாகிவிடுவது வழக்கம். உணவுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தைச் சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதால், தட்டின் படம் அந்த நேரத்தையும் காட்டிவிடும். எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை மட்டுமே சொல்லும். எந்த வேளை, எத்தனை இட்லிக்குப் பிறகு சர்க்கரை 180 மி.கி./டெ.லி. அளவைத் தாண்டியது என்பதை இந்த இரண்டு படங்களில்தான் மருத்துவர் பார்க்க முடியும்.

புளூடூத் வழியே கைபேசிக்கு அளவை அனுப்பும் மீட்டர் உள்ளவர்களுக்குத் தட்டின் படம் மட்டும் போதும். ஆனால் சர்க்கரை குறைந்து கை நடுங்கி வியர்த்தாலோ, அளவு 70-க்குக் கீழ் இருந்தாலோ படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.