பிரேதப் பரிசோதனையில் கழுத்து எக்ஸ்ரே: எங்கே தவறுகிறோம்?

தூக்கிலோ கழுத்து நெரிக்கப்பட்டோ இறந்ததாகச் சந்தேகிக்கும் உடலில் முதல் தவறு, படம் எடுக்கும் நேரத்தில்தான். கழுத்தைத் திறந்து குரல்வளையை வெளியே எடுத்த பிறகு, ‘சரி, ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடலாம்’ என்று நினைத்தால், எலும்பு ஏற்கெனவே உடைந்திருந்ததா, நம் கை பட்டு உடைந்ததா என்று யார் சொல்வது? கத்தி வைக்கும் முன்பே, கயிறு இருந்தால் கயிற்றோடே முதல் படத்தை எடுக்க வேண்டும். விறைத்த கழுத்தை முரட்டுத்தனமாக நிமிர்த்தவும் கூடாது.

பக்கவாட்டுப் படத்தில் ஏழு கழுத்து முள்ளெலும்புகளும் தெரிய வேண்டும். தோள் மறைத்து ஐந்தாவதோடு நின்றுபோன படத்தை வைத்துக்கொண்டு ‘முறிவு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். தோள்களைக் கீழே இழுத்துப் பிடித்து இன்னொன்று எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இடம், வலம் குறியையும் மறக்க வேண்டாம்.

அதிகம் ஏமாற்றுவது, நாக்கின் அடியில் குரல்வளைக்கு மேலே இருக்கும் ஹையாய்டு எலும்பு. லாட வடிவில் இருக்கும் இதன் நடுப்பகுதிக்கும் பெரிய கொம்புகளுக்கும் இடையே குருத்தெலும்பு உண்டு. பெரும்பாலும் நடுவயதை ஒட்டித்தான் அது எலும்பாகி இணையும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் இணையும், சிலருக்குக் கடைசிவரை இணையாது. எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்புக் கோடாக விழும், அசல் முறிவு மாதிரியே. ஓரங்கள் வழவழப்பாக உருண்டிருந்தால் பெரும்பாலும் மூட்டுதான்; கூராகப் பிசிறடித்திருந்தால் முறிவைச் சந்தேகிக்கலாம். சற்றுக் கீழே, குரல்வளையின் முன்பக்கத்தில் இருக்கும் தைராய்டு குருத்தெலும்பின் மேல்கொம்புக்கு அருகில், கோதுமை மணி போல ஒரு துணுக்கு தெரிந்தாலும் பதற வேண்டாம். பலருக்கு இயல்பாகவே இருக்கும் குருத்தெலும்பு அது. ‘உடைந்த துண்டு’ என்று அறிக்கையில் ஏறிவிட்டால், இயற்கை மரணம் கொலை வழக்காகிவிடும்.

முழு உடலோடு எடுத்த படத்தில் தாடையும் முள்ளெலும்பும் குறுக்கே விழும். குரல்வளையை ஹையாய்டோடு கவனமாக எடுத்தபின், அதை மட்டும் குறைந்த கிலோவோல்ட்டில் (ஊடுருவும் வலிமை குறைந்த கதிரில்) தனியே படம் எடுத்தால் மெல்லிய கீறலும் பிடிபடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ‘முறிவு இல்லை, எனவே நெரிக்கவில்லை.’ இளம் வயதினரின் ஹையாய்டு வளைந்துகொடுக்கும். நெரித்தும் உடையாமல் இருப்பது சகஜம். தசைக்குள் நடந்த ரத்தக்கசிவை எக்ஸ்ரே காட்டாது. முதல் இரண்டு முள்ளெலும்புகளைக் கட்டியிருக்கும் இணைப்புநார் கிழிந்திருந்தாலும், எலும்புகள் பழைய இடத்திலேயே நின்றால் படம் சுத்தமாகத்தான் தெரியும். அதனால் தலையையும் மார்பையும் முதலில் திறந்து, கழுத்து நாளங்களின் ரத்தத்தை வடியவிட்டு, அப்புறம் கழுத்துத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வடியவிடாமல் பிரித்தால், அறுபட்ட நாளங்களிலிருந்து ஒழுகும் ரத்தமே காயத்தின் கசிவு போலத் தோன்றும்.