டர்ட் பைக் பாகங்களுக்குப் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் தடங்களில் ஓட்டும் டர்ட் பைக்கைப் பிரித்துப் புதுப்பிக்க நினைக்கும் புதியவர்கள் நிறத்தை மட்டும் தாங்கள் தேர்ந்தெடுத்துவிட்டு, பூச்சின் வகையைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். துருவின் மேலேயே பூசுவது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் விடுவது ஆகியவற்றை யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேரிங் துளைகளை மறைக்காமல் அனுப்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. பவுடர் கோட்டிங் (பூச்சுத் தூளைத் தூவி அடுப்புச் சூட்டில் இறுக வைப்பது) பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமனாகப் படியும். 80 மைக்ரான் என்றே வைத்துக்கொண்டாலும், துளையின் இரு பக்கமும் சேர்ந்து விட்டம் 0.16 மில்லிமீட்டர் குறைந்துவிடும்; பேரிங் இறுக்கமோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளில் கணக்கிடப்படுவது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள, மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங்கின் வெளிக்கூடு மெல்லிய தகடு என்பதால், அது துளையின் அளவையே தன் அளவாக ஏற்று, உள்ளே இருக்கும் உருளைகளை நெரித்துவிடும்.

அண்மையில் ஓர் இளைஞர் அழகாகப் பூசப்பட்ட அலுமினிய ஸ்விங் ஆர்மைக் கொண்டுவந்தார். பேரிங் இறங்காததால் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். கூடு நசுங்கியதும் துளையை எமரி சக்கரத்தால் தேய்த்திருக்கிறார்கள். பூச்சோடு அலுமினியமும் போய்த் துளை நீள்வட்டமாகிவிட, அடுத்த பேரிங் கையாலேயே உள்ளே நழுவியது. பூச்சுக் கூலியை மிச்சப்படுத்தப் பேரம் பேசியவர், கடைசியில் பழைய ஸ்விங் ஆர்ம் ஒன்றைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று.

எனவே பேரிங்குகளைக் கழற்றி, துளைகளையும் மரைகளையும் சூடு தாங்கும் சிலிக்கான் அடைப்பான்களால் மூடச் சொல்லி, அதை வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இன்ஜின் மவுண்ட் முகங்களையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். போல்ட்டின் அழுத்தத்தில் அடியில் உள்ள பவுடர் மெல்ல நசுங்கி, முறுக்கிய இறுக்கம் தளர்ந்துவிடும். எர்த் ஒயர் அமரும் இடம் பூசப்பட்டால் மின்தொடர்பு இருக்காது. பதிவு செய்த வண்டியானால் சேசிஸ் எண்ணும் தடித்த பூச்சில் புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் அதைச் சுரண்டிக் காட்டுவது இனிய அனுபவம் அல்ல.

எல்லா அலுமினியமும் ஒன்றே என எண்ணுவது

பவுடர் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் இறுகும். 7075-டி6 என்ற வலிமையான அலுமினியக் கலவையோ ஏறத்தாழ 120 டிகிரியில் பதப்படுத்தப்பட்டு வலிமை பெறுவதால், அந்த அடுப்பில் வைத்தால் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். அக்கலவையால் ஆன டிரிபிள் கிளாம்ப் (முன் ஃபோர்க்குகளைப் பிடிக்கும் பாகம்), ஹேண்டில்பார் போன்றவற்றுக்கு அனோடைசிங்கே (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேற்பரப்பில் ஆக்சைடு படலத்தை வளர்ப்பது) பொருத்தம். அந்தப் படலம் உலோகத்திலிருந்தே வளர்வதால் வண்ணப்பூச்சைப் போல உரிந்து வராது. ஆயினும் அதற்கும் தடிமன் உண்டு. அதன் தடித்த வகையான ஹார்டு அனோடைசிங் 25 மைக்ரானுக்கு மேல் போவதையும், அதில் ஏறத்தாழப் பாதி வெளிப்புறமாக வளர்வதையும் துல்லியமாகப் பொருந்தும் பாகங்களில் கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்டீல் பாகத்துக்கு அனோடைசிங் கேட்பது

நடக்காது.

எக்ஸாஸ்ட் பைப்புக்குச் சாதாரண பவுடர்

கருகி உரியும். செராமிக் கோட்டிங் கேளுங்கள்.

12.9 தர போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங்

அமிலக் குளியலிலும் மின்முலாமிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடுவதால், இத்தகைய கடினமான போல்ட் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடேற்றி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றும் வசதி பட்டறையில் இல்லையென்றால், பழைய போல்ட்டை மினுக்குவதைவிடப் புதிய போல்ட் வாங்குவது மலிவு.

பூட்ஸ் உரசும் இடம்

மணல் ஒட்டிய பூட்ஸுக்கு எந்தப் பூச்சும் தாங்காது. முதல் ஓட்டத்துக்கு முன்பே ஃபிரேம் கார்டு மாட்டுங்கள்.