தாத்தா காலத்து சைக்கிள தேத்தணுமா, மொதல்ல பெயின்ட் டப்பாவ தள்ளி வைங்க

மாட்டுக்கொட்டாய்ல கோழி அடைஞ்சு கிடக்குற பழைய ஹெர்குலிஸோ ராலேவோ கைக்கு வந்துச்சுன்னா ஒடனே பெயின்ட் அடிக்க தூக்கிட்டு ஓடாதீங்க. சோப்புத்தண்ணில துணிய முக்கி மெதுவா தொடைங்க, மட்கார்டுல இழுத்த தங்கக் கோடு அழுக்குக்கு அடியில அப்படியே இருக்கலாம், உப்புத்தாள் போட்டு ஒரு இழு இழுத்தா அதோட போச்சு.

பின் வீல்ல ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு ஸ்பீடு ஹப் (உள்ளயே மூணு கியர் இருக்குற, சக்கரத்தோட நடு உருளை) இருந்தா யோகம்தான். ஹப் மேலயே ஏடபிள்யூன்னு போட்டு பக்கத்துல 56ன்னோ 62ன்னோ ரெண்டு இலக்க நம்பர் அடிச்சிருப்பாங்க, அது ஹப் செஞ்ச வருஷம் (நடுவுல யாரும் வீல் மாத்தியிருக்கலாம், அதனால வண்டிக்கும் அதே வயசுன்னு சத்தியம் பண்ணாதீங்க).

குரோம்ல துரு இருந்தா அலுமினிய ஃபாயில கசக்கி தண்ணில நனைச்சு தேய்ங்க, கறுப்பா ஒரு சேறு வரும், தொடைச்சா பளிச்சுனு இருக்கும். பொக்கு விட்டுப்போன எடம் மட்டும் திரும்ப வராது.

நெஜமான சண்டை காட்டர் பின்னோடதான், அதாவது பெடல் மாட்டுற கையான கிராங்க நடு அச்சோட சேத்து இறுக்குற இரும்பு ஆப்பு. ரெண்டு நாள் முன்னாடியே எண்ணெய் விட்டு ஊற விடுங்க. நட்ட முழுசா கழட்டாம மரை நுனிக்கு சமமா நிறுத்தி, கிராங்குக்கு அடியில தரைல இருந்து ஒரு இரும்பு பைப்ப முட்டுக்கொடுத்து, சுத்தியால ஒரே போடா போடுங்க. பொத்தி பொத்தி தட்டினா பின்னு வளைஞ்சு ஜென்மத்துக்கும் வராது. திரும்ப மாட்டும்போது ரெண்டு பின்னும் எதிர் எதிர் திசைல போகணும், நான் மொத வண்டில ஒரே பக்கமா அடிச்சிட்டு பெடல் ரெண்டும் நேர்கோட்டுல நிக்காம ஒரு வாரம் நொண்டி நொண்டி மிதிச்சேன்.

பால்ஸ் எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவி பாத்தா சொரசொரப்பு தெரியும், புதுசு போட்டுடுங்க, பெருசா செலவாகாது. ரெண்டு கிராங்கையும் சேக்குற நடு அச்சுக்கு பக்கத்துக்கு 11, கால் இஞ்ச் சைஸ், முன் ஹப்புக்கு 3/16ல பக்கத்துக்கு 10. நடு அச்சுல பால்ஸ் உக்கார்ற வலது பக்க கப்பு எதிர் மரை, அத கழட்டவே வேணாம், உள்ளயே தொடைச்சு கிரீஸ் வைங்க.

டயர் 28 x 1½னு கேட்டு வாங்குங்க, வெறும் 28னு சொன்னா 700சின்னு வேற சைஸ் டயர தூக்கி குடுத்தாலும் குடுப்பாங்க, அது 13 மில்லிமீட்டர் சின்னது, ஏறாது. வீல் கோட்டம் எடுக்கறத பழைய கடைக்காரர்கிட்டயே விடுங்க, பக்கத்துல உக்காந்து பாத்துக்கலாம்.

கடைசியா பிரேக் கட்டை. இந்த வண்டிகள்ல வர்ற இரும்புக் கம்பி பிரேக்ல (ஒயர் இல்ல) கட்டை ரிம்மோட உள்பக்கமா மேல இழுத்து பிடிக்கும், ரெண்டு கட்டையும் ஒண்ணா படுதான்னு பாருங்க. மழைல ரிம் நனைஞ்சா பாதிதான் பிடிக்கும், எறக்கத்துல கொஞ்சம் முன்னாடியே அழுத்திடுங்க.