சரிவு நிலத்தில் மண் அரிப்பை நான் தடுத்த விதம்

தருமபுரி மாவட்டத்தில் எங்களுக்குள்ள 2 ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்திருப்பதால், ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து கீழ்க்காட்டுக்குப் போய்விடுவது வழக்கமாக இருந்தது. முதலில் நான் செய்தது தவறு. சரிவின் குறுக்கே கண்ணளவில் நேராக ஒரு வரப்பைப் போட்டேன். அதன் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் முழுவதும் கூடி, ஒரே இரவில் வரப்பை உடைத்து, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டது.

அடுத்த கோடையில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு ஒரே உயரத்திலுள்ள இடங்களில் முளைக்குச்சிகளை அடித்து, அவற்றை இணைத்து வளைந்து செல்லும் சம உயர வரப்புகளை அமைத்தேன். டிராக்டர் ஓட்டுநர் அந்த வளைவுகளைக் கண்டு சலித்துக்கொண்டது வேறு கதை. ஒவ்வொரு வரப்பின் முனையிலும், மிகுநீர் வெளியேறுவதற்காக வரப்பைவிட ஓர் அடி தாழ்வாகக் கல் பதித்த வடிகால் விட்டேன். என் அனுபவத்தில் வரப்பைக் காப்பது அதன் உயரமன்று, இந்த வடிகாலே. வரப்போரம் அரை அடி இடைவெளியில் வெட்டிவேர் நட்டேன். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழிறங்குவதால் பயிருக்குப் போட்டியில்லை. நெருங்கிய தண்டுகள் நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைத் தேக்குகின்றன.

பழைய பள்ளத்தில் கல் தடுப்புகளை அடுக்கியபோது, நடுப்பகுதியைத் தாழ்த்த மறந்ததால் வெள்ளம் இரு கரைகளையும் அரித்தது. பிரித்து, நடுவைத் தாழ்த்தி அடுக்கிய பின் இரண்டே பருவங்களில் பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. இப்போது பட்டுப்போன வெட்டிவேர்த் தூர்களுக்குப் பதில் புதியவற்றைப் புரட்டாசியில் நடுவது மட்டுமே மிச்ச வேலை.