ஏரி வண்டல் மண் எடுக்க ஆன்லைன்ல பர்மிட் வாங்குறது எப்படி? (யூனிட் கணக்கோட)

செம்மண்ணோ மணல்சாரி நிலமோ வச்சிருக்கவங்க ஏரி வண்டல் அடிச்சாங்கன்னா அந்த வருசமே வித்தியாசம் தெரியும், தண்ணி விட்டா சட்டுனு கீழ இறங்காம ஈரம் நிக்கும், ஏரியும் ஆழமாகி அடுத்த மழைக்கு கூட தண்ணி புடிக்கும். முன்னாடி இதுக்கு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஃபைல் போகணும். 2024ல தமிழ்நாடு அரசு சிறுகனிம விதிய மாத்தி தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. மண்ணுக்கு காசு கிடையாது, ஜேசிபி வாடகையும் டிராக்டர் வாடகையும்தான் நம்ம செலவு. எங்க புன்செய்க்கு இப்படி வாங்கித்தான் அடிச்சோம், அதனால செஞ்ச வரிசைலயே சொல்றேன்.

1. முதல்ல ஏரி லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க

ஊர் ஏரிதானேன்னு எதுலயும் எடுத்துட முடியாது. மாவட்ட அரசிதழ்ல போட்டிருக்க ஏரி, குளம், கண்மாய்ல மட்டும்தான் அனுமதி. லிஸ்ட் தாலுகா ஆபீஸ்லயும் வி.ஏ.ஓ கிட்டயும் கிடைக்கும், ஏரி பேரோட சர்வே நம்பரையும் எழுதி வச்சுக்கங்க, ஒரே பேர்ல பெரிய ஏரி சின்ன ஏரின்னு ரெண்டு இருக்க ஊர் நிறைய. நீங்க குடியிருக்க ஊரோ உங்க நிலமோ ஏரி இருக்க அதே தாலுகாவுல இருக்கணும்.

2. மண்ணை டெஸ்ட் பண்ணிடுங்க

இத நிறைய பேர் விட்டுடுறாங்க, தயவு செஞ்சு விடாதீங்க. ஏரில ரெண்டு மூணு இடத்துல மேல் வண்டல் எடுத்து கலந்து ஒரு சாம்பிள், உங்க நிலத்துல இருந்து ஒரு சாம்பிள், ரெண்டையும் வேளாண்மைத்துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க. பிஹெச்சும் (அமில, கார அளவு) இசியும் (உப்பு அளவு) பாத்தா போதும், இசி அதிகம்னா அது உப்பு மண்ணு, அத கொண்டாந்து நிலத்துல கொட்டினா திரும்ப எடுக்க முடியாது. கரிசல் வச்சிருக்கவங்களுக்கு என் கருத்து வண்டலே வேணாம், ஏற்கனவே களி அதிகம், தொழுஉரம் போடுங்க.

3. விண்ணப்பம்

டிஎன் இசேவை தளத்துல சிட்டிசன் லாகின் போட்டு தேடுற பெட்டில வண்டல் மண் அனுமதிய தேடுங்க, துறை துறையா போய் தேடினா நேரம்தான் போகும். பட்டா, அடங்கல், ஆதார் மூணையும் தெளிவா ஸ்கேன் பண்ணி வச்சுக்கங்க. மொபைல்லயே பண்ணலாம்தான், ஆனா நான் இசேவை மையத்துலயோ கம்ப்யூட்டர்லயோ பண்ணத்தான் சொல்லுவேன், மங்கலான ஃபோட்டோ ஏத்தினா திருப்பி அனுப்பிடுவாங்க.

4. அளவு கணக்கு (இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க)

விதில எல்லாமே கன மீட்டர். நன்செய்னா ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்னா 90 கன மீட்டர் வரைக்கும். ஆனா நம்ம ஊர்ல டிராக்டர்காரர்ல இருந்து ஜேசிபிகாரர் வரைக்கும் பேசுறது யூனிட்டு, லோடு. எனக்கும் இதுலதான் கொழப்பம், 90ன்னு பாத்துட்டு 90 லோடா 90 யூனிட்டான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ரெண்டும் இல்ல.

ஒரு யூனிட்னா 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அப்ப 90 கன மீட்டர்னா கிட்டத்தட்ட 32 யூனிட், 75 கன மீட்டர்னா 26.5 யூனிட். இது ஒரு ஏக்கருக்கு.

இப்ப லோடு. டிரெய்லரை நீங்களே டேப் வச்சு அளங்க, அவங்க சொல்றத நம்பாதீங்க. உதாரணத்துக்கு உள்பக்கம் 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம்னா 120 கன அடி, அதாவது 1.2 யூனிட், 3.4 கன மீட்டர். 90ஐ 3.4ஆல வகுத்தா ஏக்கருக்கு 26 லோடு. ரெண்டு ஏக்கருக்கு 52, 53 லோடு. வெட்டின மண்ணு உப்பும்ங்கறதால டிரெய்லர்ல பாக்குற அளவும் ஏரில எடுத்த குழி அளவும் ஒண்ணா இருக்காது, அதையும் மனசுல வச்சுக்கங்க.

90 கன மீட்டர ஒரு ஏக்கர்ல பரப்பினா ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம் கனம்தான் வரும். பாக்க கம்மியா தெரியும், ஆனா அது போதும்.

5. ஆய்வும் அனுமதியும்

வி.ஏ.ஓ, ஆர்.ஐ (வருவாய் ஆய்வாளர்) பாத்து அறிக்கை குடுத்தப்புறம் தாசில்தார் ஆர்டர் வரும். அதுல எந்த ஏரி, எவ்வளவு அளவு, எந்த தேதி வரைக்கும்னு இருக்கும், தேதிய முதல்ல பாருங்க. வண்டி கிடைக்கலன்னு இழுத்தடிச்சா நாள் ஓடிடும், அதனால விண்ணப்பம் போட்ட கையோட ஜேசிபிக்கு சொல்லி வைங்க.

6. எடுக்கும்போது

கோடைல ஏரி காஞ்சு கெடக்கும்போது மேல் வண்டல மட்டும் பரவலா வழிச்சு எடுங்க. ஒரே இடத்துல ஆழமா தோண்டினா கீழ இருக்க மணலோ சுக்கானோதான் (சுண்ணாம்புக் கல்லு) வரும், நிலத்துக்கு பிரயோஜனம் இல்ல, தண்ணி நிக்கும்போது ஆடு மாடும் சின்ன புள்ளைங்களும் அந்த குழில மாட்டும். கரை, மடை, கலிங்கு (உபரி தண்ணி வெளியேறுற இடம்) பக்கம் போகவே கூடாது. ஏரிக்குள்ள நாட்டுக்கருவேல மரம் நின்னா அத சுத்தி விட்டுடுங்க, கொக்கும் நாரையும் கூடு கட்டுற இடம் அது, அந்த வேர்கிட்ட இருக்க நாலு லோடு மண்ணுக்காக அத சாய்க்க வேணாம்.

நிலத்துல கொட்டினதும் கட்டிய காய விட்டு உடைச்சு பரப்பி கோடை உழவுல கலந்து விடுங்க. ரோட்டவேட்டர விட அஞ்சு கலப்பை (அஞ்சு கொழு வச்ச டிராக்டர் கலப்பை) நல்லது, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு, ஆழமா கலக்கும். முதல் மழைக்கு சீமைக்கருவேல விதையும் கோரையும் முளைக்கும், சின்னதா இருக்கும்போதே புடுங்கிடுங்க.

பின்சேர்க்கை: கமெண்ட்ல கேட்டதுக்கு சேத்து சொல்றேன். கூட்டுப்பட்டாவா இருந்தா உங்க பங்கு எவ்வளவுன்னு வி.ஏ.ஓ கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க, மொத்த பட்டா பரப்புக்கும் அளவு கேட்டா பங்காளிகளோட பிரச்சனை வரும். இன்னும் தாத்தா பேர்லயே பட்டா இருக்கவங்க முதல்ல பேர் மாத்துங்க, அது முடியாம இது நகராது.

இன்னொருத்தர் வண்டிய வழில நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருந்தார். ஆர்டர் ஒரிஜினல் உங்க பையில இருந்தா பத்தாது, ஓடுற ஒவ்வொரு டிராக்டர் டிரைவர் கையிலயும் ஒரு ஜெராக்ஸ் இருக்கணும், வண்டி நம்பரும் எழுதி குடுத்துடுங்க. அந்த மண்ண செங்கல் சூளைக்கோ மனை மேடாக்கவோ யாராவது கேட்டா ஒரு லோடு கூட குடுக்காதீங்க, உங்களுக்கு குடுத்த அனுமதி விவசாயத்துக்கு மட்டும்தான்.