சான்சிபார் கொடி புடுங்க ஆள் சேர்க்கிறது எப்படி?

சிங்கப்பூர்ல பழைய ரயில் பாதையை நடைபாதையா மாத்தின ரெயில் காரிடார்ல நடக்கறப்ப மரத்துக்கு போர்வை போர்த்தின மாதிரி ஒரு கொடி படர்ந்து கிடக்கும் பார்த்திருப்பீங்க, பெரிய இதய வடிவ இலை, நுனி மட்டும் வால் மாதிரி நீண்டு இருக்கும். அதான் சான்சிபார் வள்ளிக்கொடி, ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. மேல ஏறி வெளிச்சத்தை மறைச்சு அடியில இருக்கற மரத்தையே சாகடிச்சிடும். தனியாளா முடியற வேலை இல்ல.

முதல்ல அனுமதி. நல்ல காரியம்தானேன்னு நீங்களா போய் புடுங்காதீங்க, இயற்கைக் காப்பகத்துல அனுமதியில்லாம செடியை வெட்டினா ஃபைன் 50,000 வெள்ளி வரைக்கும் போகலாம். அதனால புதுசா குரூப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேரா என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) தொண்டூழியர் வேலைக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, எது களை எது உள்ளூர் செடின்னு அங்க கையில புடிச்சு காட்டுவாங்க. அப்புறம் உங்க ஆளுங்களோட வர்றோம், எந்த இடம் தருவீங்கன்னு கேளுங்க.

ஆள் கிடைக்கறது பெரிய விஷயமே இல்ல, பிளாக் வாட்ஸ்அப், கோயில் தொண்டூழியர்கள், ஸ்கூல்ல விஐஏங்கற சமூக சேவை மணி நேரத்துக்கு அலையற பிள்ளைங்கன்னு நிறைய பேர் இருக்காங்க. ஆனா 15 பேருக்கு மேல வேண்டாம், கூட்டம் கூடினா முளைச்சு வர்ற நல்ல கன்னை எல்லாம் மிதிச்சே கொன்னுடுவோம்.

இப்போ புடுங்கற வேலை. இந்த கொடியில ஒவ்வொரு இலைக்காம்பு அடியிலயும் ஊதாவும் பழுப்புமா குட்டி குட்டி கிழங்கு தொங்கும், விதை மாதிரி, கீழ விழுந்தா ஒவ்வொண்ணும் ஒரு கொடி. முதல் தடவை நான் வீரமா புடிச்சு ஒரு இழு இழுத்தேன், பொலபொலன்னு தலையில கொட்டுச்சு, அடுத்த மாசம் போய் பார்த்தா நான் நின்ன இடத்துலயே வரிசையா முளைச்சிருக்கு! அதனால முதல்ல கீழ தார்ப்பாய் விரிங்க, கிழங்கை பறிச்சு பையில போடுங்க, அதுக்கப்புறம் தண்டை வெட்டுங்க, கடைசியா வேர் வரைக்கும் தோண்டி மண்ணுக்குள்ள இருக்கற பெரிய கிழங்கை எடுங்க, அதை விட்டீங்கன்னா செஞ்சது அத்தனையும் வேஸ்ட். ரொம்ப உசரத்துல இருக்கறதை இழுக்காதீங்க, கிளை முறிஞ்சு விழும், அடியில வெட்டிட்டு மேல காய விட்டுடுங்க, அதுல இருந்து விழற கிழங்கை அடுத்த தடவை பொறுக்கலாம். பொறுக்கறதுல சின்ன பிள்ளைங்கதான் கில்லாடி. உரக்குழியில போடக்கூடாது, பையை இறுக்கி கட்டி குப்பைக்கு அனுப்புங்க, நம்ம ஊர்ல குப்பையை எரிக்கறாங்க, நல்லதா போச்சு. வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கேன்னு குழம்பு வெச்சிடாதீங்க, விஷம்.

ஒரே இடத்துக்கு மாசா மாசம் போகணும். நூறு பேர் வந்து ஃபோட்டோ எடுத்துட்டு போறதை விட அதே பத்து பேர் திரும்ப திரும்ப வர்றதுதான் எனக்கு பிடிக்கும், முளைச்சு வர்றது எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

நடறதுக்கு அவசரப்படாதீங்க. எங்க குரூப்ல ஒரு மாமா ஆசையா வேப்பங்கன்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, வேப்பமரம் இந்த ஊர் மரம் இல்ல மாமான்னு சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. சிம்போ ஆயர், அஞ்சு வெள்ளி நோட்டுல இருக்கற தெம்புசு, இதெல்லாம்தான் இங்கத்த செடி, மரம், எந்த இடத்துக்கு எந்த கன்னுன்னு என்பார்க்ஸ் சொல்றதை நடுங்க.

முழுக்கை சட்டை, ஷூ, கொசு மருந்து, தண்ணி போதும். சாப்பாட்டை பிளாஸ்டிக் பையில கொண்டு வராதீங்க, பையை பார்த்தா குரங்கு வந்துடும், ஒரு தடவை எங்க கிழங்கு பையையே தூக்கிட்டு ஓடி வழியெல்லாம் கொட்டிட்டு போச்சு, அன்னைக்கு ஒரு மணி நேரம் பொறுக்கினோம்.