பாணியைத் துரத்தாதீர்கள்: தானே ஓவியம் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் இல்லாமல் தானாகவே ஓவியம் பழகுகிறவர்களிடம் ஓர் அவசரம் இருக்கிறது. தூரிகை கைக்குப் படியும் முன்பே ‘எனக்கென்று ஒரு பாணி வேண்டும்’ என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த மாதம் கத்தியால் கெட்டியாகப் பூசிய நிலக்காட்சி, அடுத்த மாதம் கண்களை மட்டும் பெரிதாக்கிய முகங்கள், அதற்கடுத்த மாதம் தங்கத் தாள் ஒட்டிய மரங்கள். எல்லாமே வேறு யாரிடமோ பார்த்து எடுத்தவை. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

ஆன்றி ரூசோ பாரிஸில் சுங்க வசூல் ஊழியராக இருந்தவர். 49 வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். அவர் புதுப் பாணி எதையும் தேடவில்லை. அன்றைய கலைக்கழக ஓவியர்களின் வழவழப்பான துல்லியம்தான் அவருடைய லட்சியம். அது அவருக்குக் கைகூடவில்லை. ஆனால் ஓர் இலையைக்கூட விடாமல், விளிம்பு பிசகாமல் தீட்டும் பிடிவாதம் இருந்தது. பிரான்ஸை விட்டு வெளியே போகாத அந்த மனிதர், தாவரவியல் பூங்காவையும் படப் புத்தகங்களையும் பார்த்துத் தீட்டிய காடுகளை இன்று வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாது.

பாணி வெறி பிடித்தவர்களுக்குப் பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவது இழுக்கு என்று தோன்றும். இதுவும் தவறுதான். பெரும்பாலும் தானே கற்ற வான்கோ, 27 வயதில் ஓவியராக முடிவெடுத்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் தயாரித்த பயிற்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. பிற்காலத்தில் சேன் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களை வரிசையாகத் திரும்ப வரைந்தார். ஆனால் அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள். வண்ணம் முழுவதும் அவரே முடிவு செய்தது. இது நாமும் செய்து பார்க்கக்கூடிய பயிற்சி: பிடித்த ஓவியம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, மூலத்தை மறுபடி பார்க்காமல் உங்கள் வண்ணத்தில் தீட்டுங்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ‘இப்போது இந்தப் பச்சை, இப்போது இந்தத் தூரிகை’ என்று பின்தொடர்வது வேறு வகை. அதில் முடிவுகள் எல்லாம் இன்னொருவர் எடுத்தவை. நம் பங்கு கீழ்ப்படிவது மட்டும். பத்துப் படம் முடித்த பிறகும் வெற்றுத் தாளைக் கண்டால் கை நடுங்குவது அதனால்தான்.

புகைப்படத்தை மட்டும் நம்பி வரைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் நீலத் துணி மேல் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்துக் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சம் படும் பக்கத்தில் விளிம்பு கூர்மையாகத் தெரியும். மறுபக்கத்தில் கோப்பையின் நிழலும் பின்னணியின் இருட்டும் கலந்து, ஓரிடத்தில் விளிம்பே காணாமல் போகும். நிழல் என்று சாம்பல் நிறத்தைக் குழைத்திருப்பீர்கள். அடிப்பாகத்தில் துணியின் நீலம் ஏறியிருக்கும். கோப்பை வெள்ளைதான், ஆனாலும் வெள்ளையை அப்படியே பூசக்கூடிய இடம் விரலளவுகூட இருக்காது. கைப்பேசிப் படம் இதில் பலவற்றைத் தானாகச் சரிசெய்துவிடும்: இருட்டைக் கறுப்பாக்கும், வெளிச்சத்தை வெளுக்கவிடும், எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் காட்டும். எதை அழுத்துவது, எதைக் கரையவிடுவது என்பதில்தான் ஓர் ஓவியர் இன்னொருவரிடமிருந்து வேறுபடுகிறார். அந்தத் தேர்வைக் கேமராவிடம் கொடுத்துவிட்டால் நமக்கென்று மிஞ்சுவது குறைவு. புகைப்படம் கூடவே கூடாது என்பதில்லை. நேரில் பார்த்து வரைந்த பொருளை நினைவூட்டிக்கொள்ள அது நல்ல துணை.

இன்னொரு மயக்கம், சொந்த ஓவியம் என்றால் சொந்தச் சோகம் என்று நினைப்பது. உடனே தனிமை, விடுதலை என்று தலைப்பு வைத்துக்கொண்டு கூண்டு திறந்து பறக்கும் பறவையை வரைகிறார்கள். அந்தப் பறவையை இன்னும் எத்தனை பேர்தான் வரைவார்களோ! 1925இல் பேருந்து விபத்தில் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த மெக்சிக ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கு மேலே ஒரு கண்ணாடி பொருத்திக் கொடுத்தார்கள். அதில் தெரிந்த தன் முகத்தை வரையத் தொடங்கினார். வலி அந்தப் படங்களில் இருக்கிறது. ஆனால் அது ஒட்டிய புருவமாகவும் உடலை இறுக்கும் எஃகுக் கவசமாகவும் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக இருக்கிறது.

பொருட்கள் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பது வண்ணம் கொண்ட பெட்டி வேண்டாம். ஐந்தாறு நல்ல வண்ணங்களைக் கலந்து பழகுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்துவரும். வெளிச்சத்தில் நிறம் மங்காமல் ஒளி தாங்கும் திறன் பெரும்பாலும் வண்ணக் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வான்கோவின் படுக்கையறை ஓவியத்தில் இன்று நீலமாகத் தெரியும் சுவர்கள் அவர் ஊதாவாகத் தீட்டியவை. சிவப்பு மங்கிப் போய்விட்டது.

கடைசியாக, பழைய படங்களைக் கிழித்துப் போடுவது. பெரும்பாலும் சமூக ஊடகத்தில் விருப்பக்குறி விழாதவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. தாகூர் தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே போக, அவை விநோத விலங்குகளாகவும் முகங்களாகவும் வளர்ந்தன. அறுபது வயதைக் கடந்த பிறகு அந்தக் கிறுக்கலிலிருந்துதான் அவர் ஓவியத்துக்கு வந்தார். 1930இல் பாரிஸில் கண்காட்சியே நடந்தது. உங்கள் கைக்கும் அப்படி அறியாத பழக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, யாரும் கேட்காமலே திரும்பத் திரும்ப வந்திருப்பது எது என்று பாருங்கள்: ஒரு குறிப்பிட்ட மஞ்சளா, படத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட உருவங்களா, எப்போதும் பாதி திறந்த கதவுகளா. அடுத்த பத்துப் படங்களை அதை மட்டும் வைத்து வரையுங்கள்.